முன்னுக்கு மட்டும் போன பை

என் தங்கை இந்தியாவுக்குப் போன நாளை எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள். ஆண்டை மாற்றுவார்கள், கிழமையை மாற்றுவார்கள். ஒருவர் அதைப் பொங்கலுக்குப் பிறகு என்றுகூடச் சொல்லிவிட்டார். எனக்கு அது பொறுக்காது. இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போன பிறகு, இந்தியாவுக்குப் போகும் தலைமன்னார்க் கப்பல் ஒரேயடியாக நின்றுபோவதற்கு முன்பு; கார்த்திகை மாதம்; செவ்வாய்க்கிழமை. கார்த்திகை என்று அடித்துச் சொல்லக் காரணம் உண்டு. அந்தப் பருவத்தில்தான் கடல் கொந்தளித்துக் கப்பல் ஓடாமல் நிற்கும். அந்தப் பருவத்தில்தான் ஊவா மலைகள் மழையில் ஊறிச் சரியும். இரண்டும் ஒன்றாக வந்ததால்தான் எழுதுவதற்கு எனக்கு இந்தக் கதை கிடைத்தது. செவ்வாய் என்பதற்குச் சாட்சி தங்கையின் மாமியார். அந்தக் கிழமையை அவர் திட்டிய திட்டு இன்னும் என் காதில் இருக்கிறது.

தங்கையின் கணவர் இரண்டு அரசாங்கங்களும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி இந்தியப் பிரஜையாகி முதலில் போய்விட்டார். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. கல்யாணத்துக்கு முன்பே எங்கள் அப்பாவின் குடும்பத்தோடு சேர்த்து விண்ணப்பித்திருந்ததால் தங்கையின் பத்திரங்கள் வேறு வரிசையில் போய்த் தாமதமாயின. அவர் புறப்படும்போது அவள் வயிற்றில் பிள்ளை. அந்தப் பிள்ளை பிறந்து, தவழ்ந்து, பசறைக்கு அருகே எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலில் ஓடித் திரியும் வயதான பிறகுதான் கடவுச்சீட்டு வந்தது. அப்போதும் இலங்கையில் தங்கும் அனுமதி அந்த வாரத்தோடு முடிகிறது என்றார்கள். கப்பல் இல்லை. கட்டுநாயக்கவிலிருந்து திருச்சிக்கு விமானம் ஒன்றுதான் வழி. அதில் செவ்வாய்க்கிழமை மாலை மட்டும் இடம் இருந்தது. மகளை இன்னும் பார்க்காத மனிதர் லீவு வாங்கிக்கொண்டு திருச்சி விமான நிலைய வாசலில் வந்து நிற்பதாக எழுதியிருந்தார்.

அவருடைய தாய் இலங்கைப் பிரஜையாகப் பதிவானவர். நான் அத்தை என்று அழைப்பேன். மகனிடம் போக அவருக்கு வழியில்லை. மருமகளையும் பேத்தியையும் பத்திரமாக அனுப்பிவைப்பதுதான் அவர் செய்யக்கூடியது. அதனால் அந்தப் பயணத்தில் ஒரு தூசியும் விழக்கூடாது என்று நினைத்தார்.

நான் தோட்டப் பாடசாலையில் ஆசிரியர். தேசப்படமும் பயண நூலும் எங்கே கிடைத்தாலும் படிப்பவன். பயணம் முழுவதையும் ஒழுங்கு செய்யும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். பசறையில் ஒரு வேன் பேசினேன். விடியற்காலையில் புறப்பட்டுப் பதுளை, பண்டாரவளை, பெரகல, இரத்தினபுரி, அவிசாவளை வழியாகக் கட்டுநாயக்க. இந்தியப் பக்கத்துக்கும் விசாரித்து வைத்திருந்தேன். திருச்சி விமான நிலையத்தை நான் கண்டதே இல்லை. ஆனால் வெளியே வந்தால் ஜங்ஷனுக்குப் போகும் டவுன் பஸ் எங்கே நிற்கும், அங்கிருந்து மேட்டுப்பாளையத்துக்கு எப்படி ரயில் மாறுவது, மலைக்கு எந்த பஸ் ஏறும் என்பதெல்லாம் போய்வந்தவர்களின் வாயிலிருந்து பிடுங்கி, தங்கைக்கு மனப்பாடம் ஆகும்வரை சொல்லிக்கொடுத்தேன். ஒருவேளை கணவர் வராவிட்டாலும் அவள் தனியாகப் போய்ச் சேர வேண்டும் என்பது என் எண்ணம்.

எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்த நாளில் அத்தை வந்து உட்கார்ந்தார்.

"செவ்வாக்கெழம வடக்க சூலம். திருச்சி எந்தப் பக்கம் இருக்கு?"

"வடக்குத்தான் அத்தை."

"அப்பறம் என்னா? ஏரோப்பிளேன்காரனுக்கு நாள் பாக்கத் தெரியாதா?"

"அவங்கிட்ட அன்னிக்கித்தான் எடம் இருக்காம்."

"பஞ்சாங்கத்துல எடம் இல்லேன்னு போயிச் சொல்லு."

சொல்வதற்கு ஆளில்லை என்று தெரிந்ததும் அவரே வழியும் சொன்னார். பரஸ்தானம் வைப்பது. ஆகாத நாளில் போக வேண்டிவந்தால், அதற்கு முன் நல்ல நாளில் பயணச் சாமான் ஒன்றை வழியில் உள்ள ஒரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது எங்கள் ஆட்களிடம் உள்ள வழக்கம். சாமான் வெளியேறிய அன்றே ஆளும் புறப்பட்டதாகக் கணக்கு. ஒரு நிபந்தனை உண்டு: வைத்த சாமான் வந்த பக்கம் திரும்பக் கூடாது. முன்னுக்குத்தான் போக வேண்டும். திரும்பினால் பயணம் திரும்பிய மாதிரி.

ஒரு சேலையை வைத்துவிடலாம் என்றேன்.

"சேலை இல்லாட்டி அவ வேற சேல கட்டிக்கிட்டுப் போயிருவா. எது இல்லாம போக முடியாதோ அத வைக்கணும். அப்பத்தான் அது பயணம்."

அந்தப் பேச்சில் ஒரு நியாயம் இருந்ததால் எனக்கும் மறுக்கத் தோன்றவில்லை. அந்த மழையில் ஒழுகும் லயத்துக் கூரையைவிடப் பதுளையில் எனக்குத் தெரிந்த ஒரு கடையின் இரும்புப் பெட்டி கடவுச்சீட்டுக்கு நல்ல இடம் என்றும் பட்டது. வியாழக்கிழமை, நல்ல நேரத்தில், கடவுச்சீட்டும் விமானச் சீட்டும் குழந்தையின் ஒரு சட்டையும் ஒரு மண்ணிறக் கைப்பைக்குள் போயின. நான் பஸ்ஸில் அதைப் பதுளைக்குக் கொண்டுபோனேன்.

கொண்டுபோன இடம் கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருந்த முஸ்லிம் வியாபாரி ஒருவருடையது. எங்கள் தோட்டத்தில் பாதிப் பேருக்கு அவர் நானா, அதாவது அண்ணன். எனக்குப் பத்திரிகைகளும் பழைய சஞ்சிகைகளும் எடுத்துவைத்துத் தருபவர். கடையில் தொலைபேசியும் இருந்தது. பையை மேசையில் வைத்ததும் கேட்டார்:

"இதென்ன மாஸ்டர், பார்சலா?"

"பார்சல் இல்ல நானா. பயணம்."

"பயணி எங்க?"

"செவ்வாக்கெழமதான் வருவாங்க."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். நான் வழக்கத்தை விளக்கியபோது மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கவனமாகக் கேட்டார். "எங்கட ஆக்கள்ட்ட இப்பிடி ஒண்டும் இல்ல. எண்டாலும் வெளங்குது. வந்த பக்கம் திரும்பக் கூடாது, முன்னுக்குப் போகலாம். அவ்வளவுதானே?" அவ்வளவுதான் என்றேன். பை இரும்புப் பெட்டிக்குள் போனது.

திங்கட்கிழமை மாலை தொடங்கிய மழை இரவெல்லாம் விடவில்லை. செவ்வாய் விடியும்போது வேன் வந்து நின்றது. டிரைவர் இறங்காமலே செய்தி சொன்னார். பதுளை ரோட்டில் மலை இறங்கியிருக்கிறது. மண் இன்னும் நகர்ந்துகொண்டிருப்பதால் பொலிஸ் ஆட்களை நடந்துகூடக் கடக்க விடவில்லை. நமுனுகுல வழியாகச் சுற்றிப் போகும் ரோடும் அடைபட்டுவிட்டது. மிச்சம் இருப்பது மொனராகலைக்கு இறங்கும் ரோடு மட்டும்.

தோட்டத்து அலுவலகத்தைத் திறக்கச் சொல்லி நானாவின் கடைக்குத் தொலைபேசியைச் சுழற்றினேன். சத்தமே இல்லை. கம்பிகளும் மண்ணோடு போயிருந்தன.

வேனில் ஏறினோம்: தங்கை, குழந்தை, அத்தை, நான். ஏறிய பிறகுதான் எங்கே போகிறோம் என்ற கேள்வி வந்தது. எங்கள் ரோடுகளை அறியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். மொனராகலை வழியாகத் தெற்கே இறங்கினால் வெல்லவாய வரும். அங்கே ரோடு பிரியும். ஒன்று கொஸ்லந்தை வழியாகப் பெரகலைக்கு ஏறிக் கொழும்பு ரோட்டைப் பிடிக்கும். மற்றது எல்ல வழியாகப் பதுளைக்கு ஏறும். பதுளைக்கு ஏறினால் பை கிடைக்கும். ஆனால் அந்த மழையில், அந்த வளைவுகளில் மலைமேல் ஏறி மறுபடியும் பெரகலைக்கு வருவதற்குள் விமானம் போய்விடும். கொஸ்லந்தைப் பக்கம் போனால் நேரத்துக்குக் கட்டுநாயக்க போய்ச் சேரலாம். கையில் கடவுச்சீட்டு இருக்காது.

"பையில்லாமப் போயி என்னாங்க செய்யிறது?" என்றார் டிரைவர். "வாசல்ல நின்னு கும்பிட்டுட்டு வாறதா?"

"நீ ரோட்டப் பாத்து ஓட்டு" என்றார் அத்தை.

"ரோட்டப் பாத்துத்தாங்க ஓட்டுறேன். ரோடுதான் எங்களப் பாக்க மாட்டேங்குது."

குழந்தை முதல் வளைவுகளிலேயே வாந்தி எடுத்துக் களைத்துத் தூங்கிவிட்டது. மொனராகலை தாண்டி மழை விட்டு, வெயிலும் புழுதியும் வந்த இடத்தில் தங்கை கேட்டாள்: "அண்ணே, அவரு அங்க வந்து நின்னு, நாங்க வரலேன்னா, திரும்பிப் போயிருவாரா?"

"தந்தி அடிக்கலாம்."

"அவரு வீட்ட விட்டுக் கௌம்பியிருப்பாரே. தந்தி யாரு கையில போவும்?"

அனுமதி முடிந்த பிறகு என்ன நடக்கும் என்பதை அவள் கேட்கவில்லை. கேட்காததால் நானும் சொல்லவில்லை.

அத்தைக்கு இன்னொரு கவலை. சற்று நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார்: "இப்ப எந்தப் பக்கம் போறோம்?"

"தெக்க."

"பாத்தியா. வடக்க சூலம்னு நான் சொன்னேன். நீங்க கேக்கல. ரோடே தெக்க திருப்பி விட்டுருச்சு." அந்த நிலையிலும் டிரைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான்.

வெல்லவாய நெருங்கும்போது நான் முடிவு செய்துவிட்டேன். பதுளைக்கே போவோம். பையை எடுத்துக்கொண்டு முடிந்த மட்டும் விரட்டுவோம். விமானம் ஏதாவது காரணத்தால் பிந்தினால் அதிர்ஷ்டம். டிரைவரிடம் எல்ல ரோட்டுக்குத் திருப்பச் சொன்னேன். அவர் சந்தியில் வேகத்தைக் குறைத்து வலப்பக்கம் ஒடிக்கப் போனவர், ஒடிக்காமல் பிரேக் போட்டார்.

"மாஸ்டர், அங்க நிக்கிறது ஒங்க நானாதானே?"

சந்தியின் நடுவில், மூன்று ரோடுகளும் தெரியும் இடத்தில், விரித்த குடையோடு நின்றுகொண்டிருந்தார். வெள்ளைத் தொப்பி, முழங்கால்வரை சேறு தெறித்த சாரம், கக்கத்தில் எங்கள் பை. மொனராகலைப் பக்கமிருந்து வரும் ஒவ்வொரு வண்டியையும் குடையை நீட்டி மறித்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வேனையும் அப்படித்தான் மறித்தார். உள்ளே குனிந்து தங்கையைக் கண்டதும், "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு அப்படியே மிதிபலகையில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் சொன்னது இது. காலைத் தொழுகை முடிந்து வரும்போது பஸ் நிலையத்தில் பசறைக்குப் புறப்பட்ட முதல் பஸ் திரும்பி நிற்பதைக் கண்டிருக்கிறார். கண்டக்டரிடம் நமுனுகுல வழியையும் கேட்டிருக்கிறார். தோட்டத்து அலுவலகத்துக்குப் போன் எடுத்துப் பார்த்திருக்கிறார், கிடைக்கவில்லை. கடைக்குத் திரும்பிப் பையை எடுத்துக்கொண்டு வெல்லவாய பஸ்ஸில் ஏறிவிட்டார்.

"மத்த ரெண்டு ரோட்டும் செத்துப்போச்சு. மிச்சம் மொனராகல. அங்கால நீங்க பதுளைக்கு ஏறுவீங்களோ, கொஸ்லந்தயால ஏறுவீங்களோ, எனக்கெப்பிடித் தெரியும்? எங்க போனாலும் வெல்லவாயத் தாண்டாமப் போகேலாதே. அதுதான் இங்க வந்து நிண்டுட்டேன்."

நான் அன்றுவரை எத்தனையோ தேசப்படங்களைப் பார்த்து எத்தனையோ வழிகளைக் கணக்குப் போட்டவன். அவரும் அதே கணக்கைத்தான் போட்டிருந்தார். அது பெரிய வித்தையல்ல என்று அவரே சொல்வார். நான் வியந்தது வேறொன்றை. கணக்கு முடிந்த கையோடு கடையைப் பூட்டிவிட்டு அவர் பஸ் ஏறினாரே, அதை. எங்களுக்கு வேன் கிடைத்ததா, நாங்கள் புறப்பட்டோமா என்பதே அவருக்குத் தெரியாது. நாங்கள் வராமலே இருந்திருக்கலாம். அதை யோசித்து அவர் தாமதித்திருந்தால் நாங்கள் அந்தச் சந்தியைத் தாண்டியிருப்போம்.

அத்தை பையை வாங்கவில்லை. முதலில் கேட்டார்:

"மொதலாளி, இது பின்னுக்குத் திரும்பலியே?"

நானா சட்டென்று எழுந்து நின்றார். "இல்லம்மா. பசறப் பக்கம் ஒரு அடி வைக்கல்ல. பதுளயில இருந்து நேரா இங்க. இங்க இருந்து நேரா கொழும்புக்கு. மடியிலதான் வச்சுக்கிட்டு வந்தேன், கீழயும் வைக்கல்ல."

"கீழ வச்சா பரவால்ல."

"அத முந்தியே சொல்லியிருந்தா என்ட கை வலிச்சிருக்காதே!"

அப்போதுதான் அத்தை பையை இரண்டு கையாலும் வாங்கித் தங்கையின் மடியில் வைத்தார். "கேட்டுக்க. ஊட்டுக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் இது பின்னுக்கு வரக் கூடாது. நீ வந்தாலும் இது வரக் கூடாது." நானாவை வேனில் ஏற்றிக்கொள்ளக் கேட்டோம். கடை பூட்டிக் கிடக்கிறது என்று அவர் பதுளை பஸ்ஸுக்கு நடந்துவிட்டார். கொஸ்லந்தை ஏற்றத்தில் நான் திரும்பிப் பார்த்தபோது சமவெளி மட்டும் தெரிந்தது.

கட்டுநாயக்கவை நாங்கள் அடைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. விமான நிலையத்தின் வெளியே ஒரு திருவிழாக் கூட்டம். அரபு நாடுகளுக்குப் போகிறவர்களை வழியனுப்ப ஊர் ஊராக பஸ் பிடித்து வந்தவர்கள் மர நிழலில் சோற்றுப் பார்சல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கொழும்புக் கோட்டைக்கு, நீர்கொழும்புக்கு, குருநாகலுக்கு என்று டாக்சிக்காரர்கள் கூவிக்கொண்டிருந்தார்கள். பயணிகள் மட்டும் உள்ளே போகலாம். மற்றவர்கள் கண்ணாடிக்கு வெளியே. நான் தங்கையிடம் கடைசியாக ஒருமுறை சொன்னேன்: ஜங்ஷன் பஸ், மேட்டுப்பாளையம் ரயில், மலை பஸ். அவள் திருப்பிச் சொன்னாள். அத்தை குழந்தையை முத்தமிட்டார். அது கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

உள்ளே முதல் மேசையை அவள் எளிதாகக் கடந்துவிட்டாள். பெரிய மூட்டை அங்கே போய்விட்டது. அடுத்த வாசலில் நின்ற அதிகாரி அவள் கையிலிருந்த பையைக் காட்டி ஏதோ சொன்னார். பிறகு முதல் மேசைப் பக்கம் கையை நீட்டினார். அவள் அசையாமல் நின்றாள்.

"எதுக்கு நிக்கிறா?" அத்தையின் மூக்கு கண்ணாடியில் அழுந்தியிருந்தது.

மற்றவர்களின் கைப்பைகளைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரு சிறிய அட்டை தொங்கியது. "பையில கட்ட ஒரு அட்டை வேணும் அத்தை. திரும்பிப் போயி வாங்கிட்டு வரச் சொல்றாரு."

"பையோடயா?"

"பையோடதான்."

அதிகாரி மறுபடியும் கையை நீட்டினார். பின்னால் வரிசை நீண்டது. தங்கை அவரைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள்; பிறகு பையை அவருடைய மேசைமேல், அவருக்கு அந்தப் பக்கமாகவே நகர்த்தி வைத்துவிட்டு, குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வெறுங்கையோடு திரும்பி நடந்தாள். அதிகாரி பையைத் தூக்கிக்கொண்டு கூப்பிட்டார். அவள் திரும்பியே பார்க்கவில்லை. முதல் மேசையில் இருந்த பெண்ணிடம் அட்டையை வாங்கி வந்து அவர் கையில் கொடுத்தாள். அந்த மனிதர் இன்னும் பையைப் பிடித்தபடியே நின்றார். கடைசியில் அவரே அட்டையைக் கட்டினார்.

"என் மருமக" என்றார் அத்தை, பக்கத்தில் நின்ற யாரோ ஒரு சிங்களப் பெண்ணிடம். அந்தப் பெண்ணுக்கு என்ன விளங்கியதோ, அவரும் தலையாட்டிச் சிரித்தார்.

தங்கை சொல்லிக்கொடுத்தபடி கேட்பவள் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். எனக்கு அவள்மேல் பெரிய மதிப்பு வந்தது அந்த மேசைக்கு முன்னால்தான். அவள் இதை நம்பினாளா, மாமியாருக்காகச் செய்தாளா என்று நான் பின்பும் கேட்டதில்லை. விமானம் எழும்பியபோது அது எந்தப் பக்கம் போகிறது என்று அத்தையும் கேட்கவில்லை.

வேனை அனுப்பிவிட்டு, மறுநாள் இரவு அத்தையும் நானும் கோட்டையில் ரயில் ஏறினோம். பதுளையில் இறங்கியதும் பசறை ரோடு திறந்ததா என்று கேட்கக்கூடத் தோன்றாமல் நேரே கடைக்குப் போனோம். நானா எங்களைக் கண்டதும் மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தார். தந்திக்கு அவருடைய முகவரியைத்தான் கொடுத்திருந்தோம். அன்று காலைதான் வந்திருந்தது.

"மூணு பேரும் சுகமாப் போய்ச் சேந்திருக்காங்க. மகன்தான் அடிச்சிருக்கார்."

"மூணு பேரா?" என்றார் அத்தை.

"ஓம், மூணு பேர். அவர், அவங்க, புள்ள."

அத்தை அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். மூன்று என்று தனக்குள் இன்னொருமுறை சொல்லிக்கொண்டார். நானா உள்ளே குரல் கொடுத்துத் தேத்தண்ணீர் வரவழைத்தார்.

எனக்கு மட்டும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. "நானா, நாங்க வெல்லவாயப் பக்கம் வராமலே போயிருந்தா என்னா செஞ்சிருப்பீங்க?"

அவருக்கு அந்தக் கேள்வியே வினோதமாக இருந்தது போலும். "என்ன செய்யிற? கொழும்பு பஸ் ஏறி அந்தப் பைய எடுத்துக்கிட்டுக் கட்டுநாயக்கவுக்கே போயிருப்பேன். நீங்க எந்த வழியால வந்தாலும் கடைசில அங்கதானே வரோணும்? அதுவும் முன்னுக்குத்தானே?"

அத்தை கோப்பையைக் கீழே வைத்தார்.

"இது தெரிஞ்சிருந்தா நாங்க நிம்மதியா வந்திருப்போமே மொதலாளி. அந்த வேன்காரன் வாயையும் கேட்டிருக்க வேணாம்."